மூன்றாவது மெழுகுத் துண்டு

நெவில் ஆக்டனுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் நெஞ்செரிச்சல் தானாக நின்றுபோனது. அதைத் தன் வாழ்க்கையில் சும்மா கிடைத்த இரண்டு நல்ல காரியங்களில் ஒன்றாக அவர் எண்ணிவந்தார். இன்னொன்று மனைவி பிரெண்டா.

அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருஷமும் அவருடைய சட்டைப்பையில் புதினா வாசனையடிக்கும் சுண்ணாம்பு மாத்திரைகள் இருந்தன. பொரித்த மீனும் வினிகர் தெளித்த உருளைக்கிழங்கும் முடிந்து, இரண்டு குவளை கசப்பு பீர் முடிந்து படுத்தால், வயிற்றில் இருக்கவேண்டிய புளிப்பு தொண்டைவரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். மீனையோ பீரையோ அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை; பழியெல்லாம் வெங்காயத்தின் மேல். எரிச்சல் நின்ற செய்தியை எங்கள் ஊரான ஓல்டத்தில், புல்தரையில் பந்து உருட்டும் பௌலிங் கிளப்பில் அறிவித்தபோது அவர் குரலில் பதவி உயர்வு கிடைத்தவரின் அடக்கம் இருந்தது.

"மாத்திர எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். போயே போச்சு."

"உனக்குத் தலமுடியும்தான் போச்சு," என்றார் கிளப் நண்பர் கிளிஃப், புல்வெளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கு யாரு கைதட்டுனா?"

கிளிஃப் சொன்னதில் அவருக்கே தெரியாத மருத்துவம் இருந்தது. எரிச்சல் நின்றது குணமானதால் அல்ல. எரியவேண்டிய தோல் வேறு வேலைக்குப் போய்விட்டதால். இருபது வருஷம் அமிலத்தில் வெந்த உணவுக்குழாயின் உட்தோல், இனித் தாங்காது என்று கண்டு, குடலின் உட்தோலைப் போல வேஷம் போட்டுக்கொண்டது. அமிலம் மேலே வந்தால் அந்தத் தோல் முகம் சுளிப்பதில்லை. அப்படியொரு சமத்தான தோலைத்தான் மருத்துவர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நெவிலோ கொண்டாடினார்.

அவருடைய தொழிலை அறிந்தவர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். நகராட்சி வீடுகளைச் சூடேற்றும் எரிவாயு பாய்லர்களை வருஷத்துக்கு ஒருமுறை சோதித்துச் சீட்டுக் கொடுப்பது அவர் வேலை. கெட்டுப்போனதைச் சரிசெய்ய அல்ல, கெடாததைச் சோதிக்க. அதனாலேயே பாதி வீடுகளில் கதவு திறக்காது. திறந்தாலும், போன வருஷம்தானே வந்தீர்கள், நன்றாகத்தானே எரிகிறது என்பார்கள். அதற்கு அவரிடம் ஒரே பதில்தான், முப்பது வருஷமாக. "நாத்தம் அடிச்சா நீங்களே கூப்பிட்டுருவீங்கம்மா. ஆளக் கொல்றது நாத்தமே இல்லாத புகைதான்." சொல்லிவிட்டு, மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார்.

அவரே தன் உள்ளே பார்க்கவிட்டது பிரெண்டாவின் வற்புறுத்தலால். ஐம்பத்தொன்பதில், பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மருத்துவ வேன் வந்து நின்றது. வருஷக்கணக்கில் சுண்ணாம்பு மாத்திரை தின்றவர்களைக் கூப்பிட்டு, நூல் கட்டிய ஒரு குளிகையை விழுங்கச் சொன்னார்கள். உள்ளே போனதும் குளிகை கரைந்து சிறு பஞ்சாக விரியும். நூலைப் பிடித்து இழுத்தால் வழியெல்லாம் தேய்த்துக்கொண்டு மேலே வரும். சாக்கடை அடைப்பெடுக்கும் வித்தை இதுதான் என்று நெவில் மெச்சினார். பஞ்சில் வந்த செல்கள் சரியில்லை. ஆஸ்பத்திரியில் கேமராக் குழாய் விட்டுப் பார்த்து, நாலைந்து இடத்தில் கிள்ளி எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி ஆராய்ந்தார்கள்.

இது புற்றுநோய் இல்லை, புற்றுக்கு முந்தைய மாற்றம், பெரும்பாலானவர்களுக்கு இதோடு நின்றுவிடும், ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும் என்றார் மருத்துவர். நெவிலின் காதில் 'இல்லை' விழுந்தது. பிரெண்டாவின் காதில் 'இரண்டு வருஷம்' விழுந்தது. அவள் பள்ளிச் சமையலறையில் மேற்பார்வை பார்த்தவள். நானூறு பிள்ளைகளில் எதற்கு முட்டை ஆகாது, எதற்குக் கடலை ஆகாது என்று தலைக்குள் வைத்திருந்தவள். வீட்டு நாட்காட்டியில் எழுதிவைத்தாள். அறுபத்தொன்றில் இரண்டாவது சோதனை நடந்தது. அதே தோல், அதே பதில்.

மூன்றாவது, அறுபத்துமூன்றில், ஒரு பிப்ரவரி மாதம். மயக்க ஊசி போட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். அது எப்போதும் பிரெண்டா. அந்த வாரம் பார்த்து அவள் தங்கை பனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாள். ஊசி வேண்டாம், தொண்டையில் மருந்து பீய்ச்சிக்கொண்டால் போதும், பஸ்ஸில் போய்வருகிறேன் என்று நெவில் தனியாகக் கிளம்பினார்.

காத்திருந்தவர்கள் ஒன்பது பேர். பதினோரு மணிக்கு ஷெல்லி என்ற நர்ஸ் வெளியே வந்தாள். மருத்துவர்களில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை, அதனால் கடைசி இரண்டு பேரும் இன்று திரும்பிப்போக வேண்டும், புதிய தேதி தபாலில் வரும் என்றாள். நெவில் ஏழாவது. ஒன்பதாவதாக இருந்தவள் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண், நாற்பது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரத்தமாக வாந்தியெடுத்ததாக முன்னமே நர்ஸிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை, சத்தமில்லாமல் அழுதாள். பிறகு, அழுததற்காக அறையிலிருந்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

அந்த மன்னிப்பை நெவிலால் தாங்க முடியவில்லை. எழுந்து ஷெல்லியிடம் போனார்.

"என்னோடது சும்மா வழக்கமா பாக்குறதுதான், கண்ணு. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. அந்தப் பொண்ணப் பாத்துருங்க."

ஷெல்லி தயங்கினாள். உங்கள் பெயரும் பட்டியலில் காரணத்தோடுதான் இருக்கிறது என்றாள். அவர் அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் முந்துகிறவனை எங்கள் ஊர் மன்னிக்காது. தன் இடத்தை விட்டுக்கொடுக்கிறவனை யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்பும் வழியில் சந்தையில் சூடாக, இறைச்சி அடைத்த ஒரு பேஸ்ட்ரி வாங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்றே தின்றார். அருமையாக இறங்கியது.

மாலை பிரெண்டா வந்து, எப்படிப் போயிற்று என்று கேட்டாள். "நல்லாப் போச்சு" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கம் வேறு பதில் கிடையாது. லாரிக்கடியிலிருந்து இழுத்துப் போட்டவனைக் கேட்டாலும், பரவாயில்லை என்றுதான் சொல்வான். ஆகவே நெவில் அன்று பொய் சொல்லவில்லை, மரியாதைக்குச் சொன்னார். மறுநாள் காலைக்குள் அது பொய்யாகியிருந்தது. நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு எதிரே பிரெண்டா 'சரி' என்று எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டாள். பேனாவால் எழுதியதை எப்படித் திருத்துவது?

மூன்று வாரத்தில் புதிய தேதியோடு கடிதம் வந்தது. நெவில்தான் அதை முதலில் பார்த்தார். வேலைக்குப் போடும் மேல்சட்டையின் உள்பையில் நான்கு நாள் இருந்தது. போவதென்றால் பிரெண்டாவிடம் சொல்லவேண்டும்; சொன்னால், முதலில் சொன்னது என்ன என்று அவள் கேட்பாள். ஐந்தாம் நாள் ஒரு நகராட்சி வீட்டின் கொல்லையில் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். எனக்கு எந்தக் குறையும் இல்லை, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றார். எடுத்த பெண் மிகவும் நன்றி சொன்னாள். உங்களைப் போல நினைக்கிறவர்கள் குறைவு என்றாள். அன்று முழுக்க நெவில் சந்தோஷமாக இருந்தார். அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பயம் தரும் இடம்.

அறுபத்தைந்தாவது வயதின் இலையுதிர் காலத்தில், காலையில் வாட்டிய ரொட்டி நெஞ்சில் நின்றது. டீ குடித்து இறக்கினார். ஒரு மாதத்தில் டீயும் நின்று நின்று போயிற்று. மெதுவாகச் சாப்பிடுவது உடம்புக்கு நல்லது என்று எங்கோ படித்ததாகச் சொன்னார். அவர் எதையும் படிக்கிறவர் இல்லை என்பது பிரெண்டாவுக்குத் தெரியும். பிள்ளைகள் தட்டில் எதை எங்கே ஒளிக்கும் என்று முப்பது வருஷம் பார்த்த கண். முட்டைக்கோசைப் புரட்டினாள், அடியில் இறைச்சி அப்படியே இருந்தது. அன்று மத்தியானமே மருத்துவருக்குப் போன் செய்தாள்.

கட்டி ஆறு சென்டிமீட்டர் இருந்தது. ஈரலுக்கும் போயிருந்தது. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை, மருந்து ஏற்றிக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்புகூடச் சுத்தமாக இருந்ததே என்று பிரெண்டா புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டாள். அவர் கணினியைப் பார்க்காமலேயே, சிலருக்கு வேகமாகப் புற்றாக மாறிவிடும் என்றார். நெவில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து கேரிஸ் வராமல் இருந்திருந்தால், அந்தச் 'சரி' அவரோடேயே போயிருக்கும்.

கேரிஸ் வேல்ஸ் நாட்டுப் பெண், முப்பதுக்குள்தான். ஆய்வுக்கு அவருடைய கட்டியிலிருந்து ஒரு துண்டும், பழைய மெழுகுத் துண்டுகளும் வேண்டும், அதற்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று, ஒருநாள் மருந்து ஏற்றி முடிந்ததும் வந்து உட்கார்ந்தாள். எதற்கு என்று பிரெண்டா கேட்டாள். கேரிஸ் சொல்லத் தொடங்கி, மரபணு என்ற வார்த்தையிலேயே இருவர் முகமும் மூடிக்கொள்வதைப் பார்த்து, நிறுத்தி, நெவிலிடம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். பாய்லர் என்றார்.

"அப்போ சுலபம். பாய்லர்ல சின்னதா ஒரு சுடர் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்ல?"

"பழைய மாடல்ல இருக்கும். பைலட்."

"அந்த மாதிரி ஒரு மரபணு. குடல்ல அது எரியணும். உணவுக்குழாய்ல அணைஞ்சு கிடக்கணும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல பாத்தேன், உங்களோட முதல் துண்டுலயே அது எரியுது. ரெண்டாவதுல இன்னும் கொஞ்சம் அதிகமா. அப்போ அதுல புற்று இல்ல. அமிலத்துல வேகாம செல் பொழைக்கணும்னு பத்தவச்சது. நல்லதுக்குத்தான்."

"இப்போ?"

"இப்போ கட்டியிலயும் எரியுது. ஆனா இப்போ அது இல்லாம அந்த செல்லால உயிரோட இருக்க முடியாது. எங்க கூடத்துல, தட்டுல வளர்ற புற்று செல்லுல அத அணைச்சுப் பாத்தோம். கூட்டம் கூட்டமா செத்துப் போச்சு."

பிழைக்கவைத்ததே பிடித்துக்கொண்டது என்பதை நெவில் உடனே புரிந்துகொண்டார். அவருடைய கேள்வியும் தொழில்காரரின் கேள்வி. "அப்போ எனக்கும் அணைச்சுற வேண்டியதுதான?"

"உங்க குடலுக்கும் அது வேணுமே. அத விட்டுட்டு இத மட்டும் அணைக்க இன்னும் வழி தெரியல. பத்து வருஷம் ஆகலாம். பதினஞ்சு ஆகலாம்."

"அவ்வளவு நேரம் இருக்க முடியாது, கண்ணு. கார் நிறுத்த அஞ்சு மணி வரைக்கும்தான் சீட்டு."

கேரிஸ் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டு, தன் பட்டியலைப் பார்த்தாள். அந்தக் கூச்சத்தில்தான், வேறெதையாவது பேசவேண்டும் என்று, அதைக் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குக் கிடைக்கல. மூணாவது துண்டு. நடுவுல ஒண்ணு இருக்கணுமே, வேற ஆஸ்பத்திரில எடுத்தாங்களா? அதுதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம். எப்போ புற்றா மாறுச்சுன்னு அதுலதான் தெரியும்."

"இங்கதான் எடுத்தாங்க," என்றாள் பிரெண்டா. "பிப்ரவரில. அவரு பஸ்ல வந்துட்டுப் போனாரு."

கேரிஸ் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "பிப்ரவரில... ஆமா, இருக்கு. நோயாளியே வேண்டாம்னு..." என்று வாசிக்கத் தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த அறையில் கை கழுவும் தொட்டி ஒன்று இருந்தது. நெவில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் குழாய் சொட்டுது," என்றார்.

பிரெண்டா, கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டாள். நெவில் போட்டார். பிரெண்டா கேரிஸுக்கு நன்றி சொல்லி, கைப்பையை எடுத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து, கார்வரை நடத்திக் கூட்டிவந்தாள். சாவியைப் போட்டாள், திருகவில்லை. மழை கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. சொல் என்றாள். அவர் சிவப்புக் கோட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

"யாரு அவ?"

"தெரியாது."

"அவளுக்கு என்னவாம்?"

"கேக்கல. கேட்டா மரியாதையா இருக்காதுல்ல."

பிரெண்டா வெகுநேரம் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

"அன்னிக்குக் குடுத்தது நல்ல காரியம். அதுக்கு நான் கோவிக்கல. மூணு வாரம் கழிச்சு லெட்டர் வந்துச்சே. அப்போ?"

"உங்கிட்ட சொல்லணும்ல."

"எங்கிட்ட சொல்றதவிட சாவு லேசா இருந்துச்சா, நெவில்?"

அவர் யோசித்தார். அவசரப்பட்டுப் பதில் சொல்கிறவர் இல்லை.

"அப்போ சாவு வரும்னு தெரியாது. நீ கத்துவேன்னு தெரியும்."

அதற்கு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்பதற்கு நேரமானது; நின்றபோது அது சிரிப்பாக இல்லை. பிறகு வண்டியை எடுத்தாள். மூன்று நாள் அவரிடம், சூப் ஆறிவிடும், மாத்திரை போட்டாயா, இந்த இரண்டைத் தவிர எதுவும் பேசவில்லை. மூன்றாவது சோதனை நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டாள். சிறு திட்டாக இருந்திருந்தால் குழாய் வழியாகவே சீவி எடுத்திருப்போம் என்றார் அவர். அந்தச் சமயத்தில் அது திட்டாகியிருந்ததா என்பதைச் சொல்ல அந்தத் துண்டுதான் வேண்டும் என்றும் சொன்னார். பிரெண்டா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை.

நான்காம் நாள் அவள் ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் அவர் முனகவேண்டும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லவேண்டும். நெவிலுக்கு மருந்து ஏற்றும் ஊசியைவிட இது கஷ்டமாக இருந்தது. முயன்றார். "கொஞ்சம் வலிக்குதோன்னு ஒரு இது" என்ற அளவுக்கு வந்தார். மருந்து ஏற்றும்போது நர்ஸைக் கூப்பிடும் பொத்தானை அழுத்துவார். வந்ததும், மன்னிக்கணும், தெரியாமல் பட்டுவிட்டது என்பார். கிளிஃப் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இவனுக்கு முனகக் கற்றுக்கொடுக்க முடியும் என்றால் மீனுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுக்கலாம் என்றார். பிரெண்டா சிரிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து மட்டும் நல்ல செய்தி வந்தது. அவர் கட்டியின் செல்கள் தட்டில் பிரமாதமாக வளர்வதாக கேரிஸ் உற்சாகமாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. நெவில் அவளைத் தேற்றினார். குடும்பத்தில் யாராவது நன்றாக இருந்தால் சரி என்றார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை, உமிழ்நீர்கூட இறங்கவில்லை. வாயிலிருந்து வழிவதைத் துண்டால் ஏந்திக்கொண்டு, மூச்சுக்குத் திணறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். பிரெண்டா காரிலேயே போட்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்து, வாசலில் கிடந்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்தாள். பதிவுச் சன்னலுக்கு முன்னால் வரிசை. பதினேழு பேர். முந்தின நாள் ஃபுட்பாலில் மணிக்கட்டு முறிந்தவன், காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி, தலையில் துணி சுற்றிய ஒரு கிழவர். நெவில் வரிசையின் கடைசியைக் கையால் காட்டினார்.

பிரெண்டா அறுபத்துநான்கு வருஷத்தில் ஒரு தபால் நிலையத்தில்கூட முந்தியது கிடையாது. முந்திய ஒருத்தியோடு பதினொரு வருஷம் பேசாமல் இருந்தவள். அவள் நாற்காலியைத் திருப்பி, பதினேழு பேரையும் ஒவ்வொருவராகத் தாண்டி, சன்னலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவரு முதல்ல," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

சன்னலில் இருந்தவள், வரிசை இருக்கிறதே அம்மா என்றாள்.

"இருக்கு. தெரியும். இவரு முதல்ல."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார். எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது. பிரெண்டாவின் கழுத்து சிவந்தது, ஆனால் திரும்பவில்லை. திரும்பியவர் நெவில்தான். பேச வாயில்லாததால், துண்டைப் பிடித்திருந்த கையை மெல்ல உயர்த்தி, மணிக்கட்டு முறிந்தவனிடம், குழந்தைக்காரியிடம், கிழவரிடம் என்று ஒவ்வொருவராகப் பார்த்து, தாதி வந்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்.

அன்று மாலை கட்டியின் ஊடே ஓர் உலோக வலைக்குழாயைச் சொருகினார்கள். அது அவருக்கு ஒன்பது வாரம் கொடுத்தது. கூழும் வெதுவெதுப்பான டீயும் இறங்கின. அந்த ஒன்பது வாரத்தில் தன் உடம்பைப் பற்றி அவர் கேட்டது குறைவு. கடைசி வாரம், ஒரு மத்தியானம், கண்ணை மூடிக்கொண்டே, அந்தக் குழந்தைக்கு என்னவாயிற்று, அன்று நாம் முந்தியதால் அவர்களில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

அந்தப் பதினேழு பேரில் ஒருவரின் பெயர்கூட பிரெண்டாவுக்குத் தெரியாது.

"எல்லாரும் நல்லா இருக்காங்க," என்றாள். "போன் பண்ணி விசாரிச்சேன்."